பதினான்கு ஆண்டுகள் நின்ற டாட்சன் 240இசட்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்கப்பட்ட கேள்வி இது. மாமனார் ஆசையாக வைத்திருந்த 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் கார், கலிபோர்னியாவில் அவர் வீட்டுக் கராஜில் பதினான்கு ஆண்டுகளாக நிற்கிறது. இப்போது மருமகன் கைக்கு வந்திருக்கிறது. புது பாட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். பழைய கார்பரேட்டர்களைக் கழற்றிவிட்டு மூன்று வெபர் கார்பரேட்டர்களைப் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். எதை முதலில் செய்வது?

நான் 2006இல் வாங்கிய 1971 மாடல் 240இசட்டை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பாட்டரியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். சாவியையும் தொட வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு, முனை மழுங்கிய ஒரு திருப்புளி, முதுகுக்கு அடியில் விரிக்க ஒரு பழைய பாய் போதும். வண்டியை நான்கு உறுதியான ஸ்டாண்டுகள் மேல் ஏற்றிவிட்டு, முதல் நாள் முழுவதையும் அதன் அடியில் செலவிடுங்கள்.

காரணம், இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடல்தான் அனைத்தையும் தாங்குகிறது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். அந்த லேசான உடலால்தான் வண்டி அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறது. அதே காரணத்தால் துரு பிடித்தால் சீக்கிரம் உளுத்தும் போகிறது. இன்ஜின் கதை வேறு. 2393 சி.சி. கொள்ளளவு கொண்ட எல்24, வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971இலும் 1973இலும் முதலிடம் பிடித்த வண்டி இது. 1973இல் ஓட்டி வென்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சேகர் மேத்தா. அந்தச் செம்மண் பாதைகளைத் தாங்கிய இன்ஜின், கராஜில் சும்மா நின்றதால் செத்திருக்கும் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். தகட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பாட்டரி தட்டிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் அறையில், காருக்குள் உட்கார்ந்தவரின் வலது பக்கம், பின்சுவரை ஒட்டி அது இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கசிந்த அமிலம் தட்டை அரித்துவிட்டு, அதற்கு நேர் கீழே உள்ள நீளச் சட்டத்தையும் அரிக்கும். தட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. கீழே சட்டம் உளுத்திருந்தால் கணக்கே வேறு. அடுத்து, முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் கிராதிக்கு அடியில் பாருங்கள். உதிர்ந்த இலைகள் அங்கே மக்கி, மழைநீர் வடியும் வழியை அடைத்துவிடும். அந்த ஈரம் முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடுகளில் இறங்கித் தங்கும். பிறகு கதவுக்குப் பின்னால், பின்சக்கர வளைவு தொடங்கும் மூலை. பிறகு பின்கதவின் ரப்பர் உட்காரும் விளிம்பு, உபரிச் சக்கரம் வைக்கும் குழி. கடைசியாக, தரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள். பெட்டி போல மூடிய வடிவம் என்பதால் அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியில் பெயின்ட் பளபளக்கும்.

கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். பட்டி பூசிய இடமும் உளுத்த இடமும் 'தொப்' என்று அடங்கும். அங்கே முனையால் அழுத்துங்கள். என் வண்டியை வாங்கும்போது அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாக இருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இடது சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தியபோது அது கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது காப்பிப்பொடி போன்ற துரு ஒரு பிடி கொட்டியது. பழைய சட்டத்தை வெட்டாமல், அதன் மேலேயே ஒரு மெல்லிய தகட்டை ஒட்டி, தார் அடித்து விற்றிருந்தார்கள். புதிதாகத் தார் பூசிய பழைய வண்டியைக் கண்டால் அன்று முதல் நான் ஓர் அடி பின்வாங்கி நிற்கிறேன்.

சட்டமும் தரையும் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டுக்கும் புதுத் தகடுகள் அச்சாகக் கிடைக்கின்றன. ஆனால் வெட்டும் முன் கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து உடலைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பழைய தகட்டை எடுத்ததும் உடல் தொய்ந்துவிடும், பிறகு கதவு எந்நாளும் சரியாகச் சாத்தாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். 1990களின் பிற்பகுதியில், டாட்சன் என்ற பெயரில் இந்தக் காரைச் செய்த நிசான் நிறுவனமே அமெரிக்காவில் பழைய 240இசட் கார்களை வாங்கிப் புதுப்பித்து, ஏறத்தாழ 25,000 டாலருக்கு விற்றுப் பார்த்தது. நாற்பது வண்டிகளைக்கூட எட்டாமல் திட்டம் நின்றுபோனது. உருவாக்கிய கம்பெனிக்கே கட்டுப்படியாகாத வேலை இது. ஆசைக்காகச் செய்யுங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

உடல் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்ஜின்.

சாவியைத் தொட வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பதினான்கு ஆண்டுகளில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து காய்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் வெடுக்கென்று சுழற்றினால் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடையலாம், சுவர் கீறலாம். இரண்டாவது, தீ. இந்த இன்ஜினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்பரேட்டர்கள் புகைக்குழாயின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவை அறையின் ஊசி வால்வு பிசினில் ஒட்டித் திறந்தே நின்றால், பொங்கி வழியும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பின் மேல் சொட்டும். முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொருவரும் நிற்கட்டும்.

ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் கையால் திருப்புங்கள். இழுத்துப் பிடித்தால் பலவந்தம் வேண்டாம். இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். நான் பார்த்த இன்ஜின்கள் பெரும்பாலும் பொறுமைக்கு இணங்கியிருக்கின்றன.

ஊறும் நாட்களில் பெட்ரோல் டேங்கைக் கீழே இறக்குங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடையோடு பழுப்பாக வரும். கலிபோர்னியா பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; அடியில் துருச்சேறும் இருக்கும். டேங்கைக் கழுவி உள்பூச்சு போடும் கடைகள் இருக்கின்றன, அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ரப்பர் குழாய்களில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். பலரும் மறந்துவிடுவது, காரின் பின்பகுதியில் வலது பக்க உள்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆவித் தொட்டியையும் அதில் சேரும் குழாய்களையும். 'என்ன செய்தாலும் காருக்குள் பெட்ரோல் வாடை போகவில்லை' என்று புலம்பும் 240இசட் உரிமையாளரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பதுதான்.

எண்ணெயை மாற்றி, வால்வு மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைக் கண்ணால் பாருங்கள். அதன் மேலே நீளமாக ஓடும் மெல்லிய குழாய், தண்டில் உள்ள ஒவ்வொரு முகட்டுக்கும் எண்ணெய் தெளிக்கிறது. அதன் இணைப்பு தளர்ந்தாலும் துளை அடைத்தாலும் அந்த முகடு சில மணி நேர ஓட்டத்தில் தேய்ந்துவிடும். பிளக்குகள் இல்லாமல், காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, பன்னிரண்டு முகடுகளும் நனைவதை உறுதி செய்யுங்கள். பாட்டரி வாங்க வேண்டிய நேரம் இதுதான். எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு இருக்க வேண்டும், ஏனெனில் இந்த இன்ஜினில் வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் கேமின் மேல் வழுக்கியபடியே உராய்கிறது. இன்றைய கார்களுக்கான எண்ணெய்களில் அந்தச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய வண்டிகளுக்கென்று விற்கும் 20டபிள்யூ-50 வாங்குங்கள்.

மெக்கானிக் சொன்னதற்கு இப்போது வருகிறேன். இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்பதை, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் சொல்லட்டும். ஆறு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் பிரிக்காதீர்கள். ஒன்று குறைந்தால் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமலே 'முழுக்கப் பிரிக்க வேண்டும்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேம் பல்சக்கரத்தை எடுக்கும் முன், டைமிங் செயினின் இரண்டு புறத்துக்கும் நடுவே மரத்தில் செதுக்கிய ஆப்பு ஒன்றை மேலிருந்து இறக்கி இறுக்க வேண்டும். இல்லையென்றால் செயின் தளர்ந்த கணத்தில் அதை அழுத்திக்கொண்டிருக்கும் டென்ஷனர் உள்ளே குதித்து வெளியேறிவிடும். அதைத் திரும்பப் பொருத்த இன்ஜினின் முன்மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். ஒரு துண்டு மரம் இல்லாததால் ஒரு மாத வேலை ஆனதை ஒரு பட்டறையில் நேரில் பார்த்திருக்கிறேன், வண்டி என்னுடையது.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் எல்லோருடைய கையும் கார்பரேட்டருக்குத்தான் போகும். உங்கள் நண்பரின் யோசனையும் அங்கிருந்துதான் வருகிறது. தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளி, பற்றவைப்பு, காற்றுக் கசிவு ஆகிய மூன்றும் சரியாகும் வரை கார்பரேட்டர் திருகு எதையும் தொடக் கூடாது. குளிர்ந்த இன்ஜினில் உள்வால்வுக்கு 0.20 மி.மீ., வெளிவால்வுக்கு 0.25 மி.மீ.; சூடாக இருந்தால் 0.25, 0.30. ஒரு கையில் 17 ஸ்பேனர், மறு கையில் 14. இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடு வெண்ணெயில் போவது போலவும் போகக் கூடாது, சிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்து விட வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி, 0.45 முதல் 0.55 மி.மீ.க்குள். பற்ற வேண்டிய வரிசை 1-5-3-6-2-4.

இப்போது கார்பரேட்டர். உங்களுடையது 1972 மாடல். யாரும் மாற்றாமல் இருந்தால், அதில் உருண்டைத் தலை கொண்ட இரண்டு ஹிட்டாச்சி கார்பரேட்டர்கள் இருக்கும். பிரிட்டனின் எஸ்.யூ. வகையைத் தழுவியவை, பழைய அம்பாசிடரில் எஸ்.யூ. பழகியவர்களுக்கு அவற்றின் சுபாவம் பிடிபட்டுவிடும். 1973 மாடலில் கம்பெனி புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டைத் தலை வகைக்கு மாறியது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும் தொல்லை அதில் அதிகம். அந்த ஆண்டு வண்டி வைத்திருப்பவர்கள் பழைய உருண்டைத் தலைகளைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். அவர்கள் தேடுவது உங்களிடம் இருக்கிறது. அதையா கழற்றி எறியப்போகிறீர்கள்? மூன்று வெபர் கார்பரேட்டர்கள் பந்தய இன்ஜினுக்கு அழகு. கம்பெனி கேம் உள்ள இன்ஜினில் அவை பணத்தையும் பெட்ரோலையும் குடிக்கும். ஜெட் மாற்றி மாற்றி ஓர் ஆண்டு போகும்.

எஸ்.யூ. வகையை ஆராய விரலே போதும். காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரின் வாய்க்குள் விரல் விட்டு, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மேலே தூக்குங்கள். மேலே, அதன் வேகத்தை மட்டுப்படுத்தும் டாம்பரில் எண்ணெய் இருந்தால் அது தயங்கித் தயங்கி ஏறும். விட்டால் தடையில்லாமல் விழுந்து 'டக்' என்று அடியைத் தொட வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் ஊசி எங்கோ உராய்கிறது. தூக்கும்போது தயக்கமே இல்லாவிட்டால் டாம்பர் எண்ணெய் வற்றிவிட்டது. 20 தர எண்ணெய் ஊற்றுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தடுமாறுவதற்கு இந்த வற்றிய எண்ணெய்தான் பலமுறை காரணமாக இருக்கிறது.

இரண்டையும் சமன்படுத்த ஒரு முழ நீள ரப்பர் குழாய் எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதல் கார்பரேட்டரின் வாயிலும் வையுங்கள். 'ஸ்ஸ்' என்ற அந்த இழுப்பொலியை மனதில் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். ஒன்று ஓங்கியும் மற்றது தணிந்தும் இருந்தால், இரண்டும் ஒரே சுருதியில் நிற்கும் வரை ஐடில் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கலவைக்கு, அடியில் உள்ள நட்டை முழுக்க மேலே ஏற்றி இரண்டரைச் சுற்று இறக்கித் தொடங்கலாம். ஓடும் இன்ஜினில் கார்பரேட்டர் பிஸ்டனை மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் அதுதான் சரி. எவ்வளவு செய்தும் ஐடில் நிலைக்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று நுழைகிறது. தண்டின் மேல் தண்ணீரைத் தெளிப்பானால் பீச்சினால் இன்ஜின் ஒலி மாறும். அதற்குத் திருகில் மருந்து இல்லை. கார்பரேட்டரைப் புதுப்பிப்பவரிடம் கொடுத்துப் புதிய புஷ் போடச் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத் தயங்காமல் செய்யுங்கள். முகப்பு விளக்குகளின் முழு மின்னோட்டமும் ரிலே இல்லாமல், ஸ்டியரிங்குக்கு அருகில் உள்ள சுவிட்ச் வழியாகவும் ஃப்யூஸ் பெட்டி வழியாகவும் போகிறது. ஐம்பது ஆண்டு களிம்பு ஏறிய இணைப்புகள் அதில் சுட்டு, பெட்டியின் பிளாஸ்டிக் உருகிய வண்டிகள் ஏராளம். இரண்டு ரிலே போட்டுவிட்டால் சுவிட்சுக்கும் ஆயுள், விளக்குக்கும் வெளிச்சம். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் உங்கள் வண்டியின் ஆர்.பி.எம். மீட்டர், காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. வயரிங்கைக் கண்டபடி மாற்றினால் முள் செத்துவிடும்.

பிரேக்கில் பேச்சுக்கு இடமில்லை. மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கர சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தும் புதிது, முன் காலிப்பர்களுக்குப் புதிய சீல், புதிய திரவம். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின் டிரம் அலுமினியம் என்பதால் விளிம்பில் சுத்தியலால் அடித்தால் உடைந்துவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பதினான்கு ஆண்டு நின்றவற்றை அதைப் பார்க்காமலே தூக்கி எறியலாம்.

பின்பக்க புஷ்களை மாற்றும்போது ஸ்பிண்டில் பின்னைச் சந்திப்பீர்கள். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையையும், ஷாக் அப்சார்பர் அடங்கிய தூணான ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியையும் குறுக்கே கோத்திருக்கும் நீண்ட எஃகுத் தண்டு அது. நடுவில் ஒரு சிறிய பூட்டு ஆணி. என் வண்டியில் வலது பக்கத்தது முப்பத்தைந்து ஆண்டுத் துருவில் உடம்போடு உடம்பாகியிருந்தது. ஊடுருவும் எண்ணெயைக் காலையும் மாலையும் ஒரு வாரம் விட்டேன். பிறகு பொறுமை இழந்து சுத்தியலால் அடித்தேன். மரையுள்ள முனை காளான் போல விரிந்ததுதான் மிச்சம். அப்படி விரிந்தால் அது எந்தத் துளை வழியாகவும் வெளியே வராது. கடைசியில் இரு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துப் போய் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்தபோது துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு அரை அங்குலம் நகர்ந்தது. ஆகவே ஊறவிட்டும் கையால் திருப்பி வராவிட்டால் அடிக்காமல் நேராக அறுத்துவிடுங்கள். புதுப் பின் கிடைக்கிறது. மாட்டும்போது தண்டு முழுக்கத் துருத்தடுப்புக் களிம்பைத் தடவ மறக்காதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன்னால் பின்கதவு ரப்பரையும் பின்விளக்குகளின் ரப்பர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஓடும் வேகத்தில் வண்டியின் பின்னால் உருவாகும் வெற்றிடத்தில் புகை தேங்கி, அந்தச் சந்துகள் வழியாக உள்ளே வரும். இந்த மாடலின் பழைய நோய் இது. கண்ணாடியை இறக்கி வைத்தால் தீரும் என்று நினைப்பார்கள். இறக்கினால் புகையை இன்னும் கூடுதலாக உள்ளே இழுக்கும். தலை வலித்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தெருக்களையே சுற்றி வாருங்கள். எண்ணெய் அழுத்த முள்ளையும் வெப்ப முள்ளையும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, கார்பரேட்டருக்கு அடியிலும் நான்கு சக்கரங்களுக்கு உள்பக்கமும் டார்ச் அடித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.